போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்): குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க எஸ்.ஐ.களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

தாமரைக்குளம்:
அனைத்து மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ.களுக்கு இரண்டு நாள் வகுப்பு. யூனிஃபார்ம் கூடாது, பிள்ளை விரும்பும் இடத்தில் விசாரிக்கணும், 24 மணி நேரத்தில் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போகணும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மாதிரி விசாரணையில்தான் மூன்றாவது கேள்வியே "அவன் தொட்டானா?" என்று வந்து நிற்கிறது. எங்கே தொடங்கலாம்?

ஆலமரம்:
முதல் நாள் சட்டப் புத்தகத்தை மூடிடுங்க. வினைச்சொல்லோட வால்தான் பாடம். "தொட்டாரா?"ன்னா ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு வரும். "தொட்டாருதானே?"ன்னா ஆமா மட்டும்தான் வரும், பெரியவங்களை மறுத்துப் பேசி நம்ம பிள்ளைகளுக்குப் பழக்கம் இல்லை. "முதல்ல இருந்து சொல்லு", "அப்புறம்?", "கதவைச் சாத்தினாருன்னு சொன்னியே, அதைப் பத்தி இன்னும் சொல்லு": இந்த மூணும் வாயில பழகணும். "ஏன் அப்பவே அம்மாகிட்ட சொல்லல?" வேண்டவே வேண்டாம். தப்பு தன் மேலன்னு பிள்ளைக்குப் படும், பேச்சு அதோட நின்னுடும்.

தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா திருத்தலாம்னு முன்னாடியே சொல்லணும். சொன்னா மட்டும் போதாது, சோதிச்சும் பார்க்கணும். "எங்க வீட்டு நாய் பேரு என்ன?"ன்னு கேளுங்க. ஊகிச்சு ஒரு பேரைச் சொன்னா, இன்னும் விளங்கலை. அடுத்து ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி சாதாரண விஷயம் ஒண்ணை முழுசாச் சொல்ல விடுங்க. இதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கலைன்னா, முக்கியமான இடத்துல ஒத்தை வார்த்தைப் பதில்தான் கிடைக்கும்.

கறுப்புக்கோட்டு:
கேள்வி சரியா இருந்தும் எழுதுறப்போ கெடுது. "உச்சா போற இடத்துல கை வெச்சாரு"ன்னு பிள்ளை சொன்னது, "மேற்படி எதிரி எனது பிறப்புறுப்பில் பாலியல் சீண்டல் செய்தார்"னு ஸ்டேஷன் தமிழாயிடும். குறுக்கு விசாரணையில அர்த்தம் கேட்டா ஏழு வயசுப் பிள்ளை முழிக்கும். குழந்தை சொன்னபடியே எழுதணும்னு போக்சோ 26-ஆம் பிரிவு சொல்லுது. 'உச்சா'வை உச்சான்னே எழுதுங்க.

'மாமா'ன்னா தாய்மாமனா, பக்கத்து வீட்டுக்காரரா, பெட்டிக்கடைக்காரரா? அங்கேயே கேட்டுப் பதியணும். சின்னப் பிள்ளைக்குப் போன மாசமும் 'நேத்து'தான். பொங்கல் லீவுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேளுங்க. "எத்தனை தடவை?"க்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும், பிற்பாடு அது மாறும். "ஒரு தடவையா, அதுக்கு மேலயா?" போதும், பிறகு கடைசியா நடந்ததில இருந்து வாங்க.

அம்மா உடன் இருக்கலாம். ஆனா பிள்ளையோட கண்ணுல படாம பின்னாடி உட்காரட்டும், எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மணல்மேடு:
ரெண்டாவது நாள் மூணு மூணு பேராப் பிரிங்க. ஒருத்தர் அதிகாரி, ஒருத்தர் பிள்ளை, மூணாமவர் கையில பேப்பர்: திறந்த கேள்வி, ஆமா-இல்லை கேள்வி, எடுத்துக் கொடுக்கிற கேள்வின்னு மூணு கட்டத்துல கோடு போடணும். பிள்ளையா நடிக்கிறவருக்கு ஒரு சீட்டு. திறந்த கேள்வி வந்தா மட்டும் அதுல உள்ளதைச் சொல்வார். பத்து நிமிஷம் கழிச்சு கோடுகளை எண்ணிக் காட்டுங்க, பிரசங்கமே தேவைப்படாது. உண்மை வழக்கோட வீடியோவை மட்டும் வகுப்புல ஓட்டாதீங்க, அடையாளம் வெளிய போயிடும்.

இந்தத் திறமை சில மாசத்துல மங்கிடும். ஆளுக்கு ஒரு பதிவை எடுத்து மாசாமாசம் கோடு போட்டுப் பார்க்க ஏற்பாடு இல்லைன்னா ரெண்டு நாளும் வீண்.

தாமரைக்குளம்:
வாயே திறக்காத பிள்ளைக்கு பொம்மை கொடுக்கலாமா?

ஆலமரம்:
சின்னதுங்க அதை வெச்சு விளையாட ஆரம்பிச்சிடும். விளையாட்டு எது, நடந்தது எதுன்னு பிரிக்க முடியாது. படம், பொம்மை எல்லாம் வாயால சொன்ன பிறகு, இடத்தைத் தெளிவுபடுத்த மட்டும். பேசலைன்னா அன்னைக்கு நிறுத்திட்டு வேற நாள் வாங்க.