சம்பளம் வாங்கி ஆடும் வீரர்களுக்கு மது முழுத் தடை: ஒப்பந்தத்தில் எழுத வேண்டுமா?

பெரியமேடு கோச்

ஒப்பந்தம் எழுதுற நேரம் வந்துடுச்சு, அதனால கேக்குறேன். கபடி, ஹாக்கி, கிரிக்கெட், கால்பந்து எதுவானாலும் சம்பளம் வாங்கி ஆடுறவர் ஒப்பந்தக் காலம் முழுக்க ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதுன்னு ஒரு வரி ஏன் இருக்கக்கூடாது? இருந்தே ஆகணும்ங்கிறது என் கருத்து.

கணக்கைப் பாருங்க. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதுல சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடைக்கு 61 கிராம். 70 கிலோ ஆள் ராத்திரி 11 மணிக்கு அதை முடிச்சா ரத்தத்துல 100 மில்லிக்கு சுமார் 120 மில்லிகிராம் ஏறும். கல்லீரல் மணிக்கு 15 மில்லிகிராம் மாதிரிதான் இறக்கும். காலைல 6 மணிக்கு கிரவுண்டுக்கு வரும்போது இன்னும் 15 மிச்சம். ரெண்டு குவார்ட்டர் போட்டிருந்தா 135. வண்டி ஓட்டுறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு வச்சிருக்கிற வரம்பு 30. பைக் சாவியைக் கையில கொடுக்க முடியாத ஆள்கிட்ட 100 கிலோ பார்பெல்லைக் கொடுத்து ஸ்குவாட் போடச் சொல்லலாமா? பக்கத்துல நின்னு பிடிக்கிறவன் கழுத்துக்கு யார் பொறுப்பு?

வேளச்சேரி பிசியோ

கோச் சார், கணக்கு சரி. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தா உச்சம் கொஞ்சம் குறையும், ஆனா இறங்குற வேகம் பெருசா மாறாது. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணிக் குளியல், ரெண்டு ரவுண்டு ஓட்டம் எதுவும் அதை வேகப்படுத்தாது. வேர்வை, மூச்சு, சிறுநீர் வழியா நேரா வெளியே போறது பத்துல ஒரு பங்குக்கும் கீழ. "ஓடினா இறங்கிடும்"னு வீரர்களை ஓட விடுற பயிற்சியாளர்கள் இதைத் தெரிஞ்சுக்கணும்.

ஆனா "ஒரு சொட்டுகூட"ங்கிறதுக்கு அறிவியல் துணை இல்ல. 2014ல ஆஸ்திரேலியாவில 8 ஆண்களை வச்சு ஒரு ஆய்வு நடந்தது. எடைப் பயிற்சியும் சைக்கிளிங்கும் முடிச்சதும் 25 கிராம் புரதம், நாலு மணி நேரம் கழிச்சு இன்னொரு 25 கிராம். அதே புரதத்தோட ஆல்கஹாலும் கொடுத்தப்ப தசையில புதுப் புரதம் உருவாகுற வேகம் 24 சதவீதம் குறைஞ்சது. புரதத்துக்குப் பதிலா மாவுச்சத்தோட கொடுத்தப்ப 37 சதவீதம் குறைஞ்சது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுறாங்க, அளவை மட்டும் சொல்றதில்ல. கிலோவுக்கு 1.5 கிராம் கொடுத்தாங்க. 70 கிலோ ஆளுக்கு 105 கிராம், அதாவது 5 சதவீத பீர்ல 650 மில்லி பாட்டில் நாலு.

நியூசிலாந்தில தொடைத் தசையைக் கடுமையா வேலை வாங்கின பிறகு கிலோவுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்தாங்க. தசை பலம் திரும்பி வர்றது தெளிவா பாதிச்சது. அதே குழு கிலோவுக்கு 0.5 கிராம் கொடுத்தப்ப வித்தியாசம் தெரியல. 35 கிராம்னா ஒரு பாட்டில் பீருக்கு மேல கொஞ்சம்.

சேப்பாக் கேலரி

பிசியோ சொன்னதையே பிடிச்சுக்கிறேன். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, அதாங்க வாடா, 2018 ஜனவரி 1ல இருந்து மதுவைத் தன் தடைப் பட்டியல்ல இருந்தே எடுத்துடுச்சு. அதுக்கு முன்னாடியும் வில்வித்தை, கார் பந்தயம், வான் விளையாட்டு, மோட்டார் படகு மாதிரி சில ஆட்டங்கள்ல போட்டி நேரத்துக்கு மட்டும்தான் தடை. உலகமே வேண்டாம்னு விட்டதை நம்ம ஊர் கிளப் ஒப்பந்தத்துல ஏன் நுழைக்கணும்? சீசன் முடிஞ்சு ரெண்டு மாசம் லீவு. கல்யாண வீட்ல ஒரு பெக் போட்டவரோட சம்பளத்தை நிறுத்துவீங்களா?

பெரியமேடு கோச்

கேலரி தம்பி, பாதிதான் சொல்றீங்க. மது பரவாயில்லைன்னு வாடா சொல்லல. அதைச் சோதிச்சுத் தண்டிக்கிற வேலையை அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்களே தங்கள் விதியில பார்த்துக்கட்டும்னு ஒதுங்கிக்கிச்சு. ஒலிம்பிக்ல ஊக்கமருந்துன்னு முதல்ல தகுதி நீக்கம் ஆனவர் யார்? 1968 மெக்சிகோவில சுவீடனோட மாடர்ன் பென்டத்லான் (துப்பாக்கி சுடுறதும் சேர்த்து அஞ்சு போட்டி) வீரர் லில்யென்வால். துப்பாக்கி சுடுறதுக்கு முன்னாடி கை நடுங்காம இருக்க ரெண்டு பீர் குடிச்சேன்னார். மொத்த அணியும் வெண்கலத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒருத்தர் குடிச்சார், கூட ஆடினவங்க கழுத்துல இருந்தும் பதக்கம் போச்சு.

வேளச்சேரி பிசியோ

அளவு பத்திச் சொன்னதால என்னைத் தடைக்கு எதிரியா எடுத்துக்காதீங்க. சில நேரத்துல ஒரு துளிகூடக் கூடாது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆட்டம் முடிஞ்ச முதல் சில மணி நேரத்தை எடுத்துக்கோங்க. மே மாசம் மதியம் மூணு மணிக்கு நம்ம ஊர்ல ஒரு மேட்ச் ஆடினா மணிக்கு ஒன்றரை லிட்டர் வேர்வை சாதாரணம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வீரரைத் தராசுல நிறுத்துங்க. 2 கிலோ குறைஞ்சிருந்தா அதுக்கு ஒன்றரை மடங்கு, 3 லிட்டர், உப்பும் சேர்த்து அடுத்த நாலஞ்சு மணி நேரத்துல உள்ள போகணும். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். எதுவும் சரி. உடம்புல தண்ணியை நிறுத்தி வைக்கச் சொல்ற ஹார்மோன் வாசோபிரசின். ஆல்கஹால் அதை அடக்கிடும். அப்புறம் குடிச்ச தண்ணி நிக்காது, கழிப்பறைக்குத்தான் போகும். ரத்தத்துல நீர் அளவு பழைய நிலைக்கு வரத் தாமதமாகும். மறுநாள் காலை தராசுல முக்கால் கிலோ குறைவாவே நின்னு, சிறுநீர் தேநீர் நிறத்துல போச்சுன்னா அவரை வெயில்ல ஸ்பிரின்ட் ஓட விடக்கூடாது. தசைப்பிடிப்புல ஆரம்பிச்சு வெப்பத் தாக்கு வரை போகும்.

அடுத்தது காயம். தொடைப் பின்தசை கிழிஞ்ச முதல் மூணு நாள் மது வேண்டாம். ரத்தக் குழாய் விரிஞ்சு வீக்கம் கூடும்ங்கிறது ஒரு காரணம், போதையில வலி தெரியாம அந்தக் காலையே ஊன்றி நடக்கிறது பெரிய காரணம். மாத்திரை விஷயம் இன்னும் மோசம். டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை இல்லாத கிட் பை நம்ம ஊர்ல அபூர்வம். அதோட மது சேர்ந்தா இரைப்பையில ரத்தக்கசிவு ஆபத்து ஏறும். தினம் குடிக்கிறவருக்கு பாராசிட்டமாலே கல்லீரலைக் கெடுக்கலாம். கபடியில மண்டை மோதினவருக்குக் குடிக்க விட்டா, உளறலும் வாந்தியும் போதையாலயா மூளைக் காயத்தாலயான்னு பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரியாது. ராத்திரி முழுக்கக் "குடிச்சிட்டுத் தூங்குறான்"னு விட்டுடுவாங்க. அதுல உயிரே போகலாம்.

பாரிமுனை வக்கீல்

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீரர்களில் கணிசமானோர் ரயில்வே, வருமான வரி, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையில் இருப்பவர்கள். ரயில்வேக்கும் காவல்துறைக்கும் தனி நடத்தை விதிகள் உண்டு. வருமான வரி போன்ற துறைகளின் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 22ஆம் விதி ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது: பணியின்போது போதையில் இருக்கக் கூடாது, பொது இடத்தில் குடிக்கக் கூடாது, போதையோடு பொது இடத்தில் தோன்றக் கூடாது, அளவு மீறக் கூடாது. தன் வீட்டுக்குள் அளவோடு குடிப்பதை அது தொடவில்லை. முகாமும் போட்டிப் பயணமும் பணியாகக் கணக்கிடப்பட்டால் அந்த நாட்களில் போதையில் நிற்பதற்குத் தடை இப்போதே உண்டு. புதிதாக எழுதுபவர்கள் இந்த வார்த்தைகளிலிருந்து தொடங்கலாம்.

தனியார் கிளப்பின் ஒப்பந்தத்தில் முழுத் தடை எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. எழுதினால் நிரூபிக்க வேண்டும். "யாரோ பார்த்தார்கள்", "வாட்ஸ்அப்பில் படம் வந்தது" என்பதை வைத்துச் சம்பளத்தை நிறுத்தினால் முதல் விசாரணையிலேயே வழக்கு தள்ளாடும். எப்படிச் சோதிப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

ஆய்வகம்_கிண்டி

வக்கீல் சாரின் கேள்விக்கு. ஊதிப் பார்க்கும் கருவி சில மணி நேரத்தை மட்டும் காட்டும். அதிலும் மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினால் பொய்யாக ஏறும். வாயைத் தண்ணீரால் கழுவி 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். இரண்டு அளவுகளையும் வீரர் முன்னிலையிலேயே எழுதி அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். கருவியைக் கடைசியாக அளவு சரிபார்த்த தேதி அந்தத் தாளில் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

முழுத் தடை என்றால் சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு (மது உடம்பில் மாறி உண்டாகும் பொருள்) பார்க்க வேண்டியிருக்கும். அதிகம் குடித்திருந்தால் மூன்று நாள் வரைக்கும் காட்டும். சிக்கலும் அங்கேதான். வரம்பை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று வைத்தால், கைக்கு அடிக்கடி சானிடைசர் தேய்ப்பவரும் மாட்டலாம். 500 என்று வைத்தால், முந்தாநாள் ஒரு பீர் குடித்தவர் தப்பிப்பார். நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: அரிஷ்டம் என்ற புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்து. தசமூலாரிஷ்டத்தில் புளித்து உருவாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் இருக்கும். உடம்பு வலிக்கு என்று அம்மா கொடுத்தனுப்பிய பாட்டிலில் வேளைக்கு 30 மில்லி குடிக்கும் பையனுக்கு, ஒவ்வொரு வேளையும் சுமார் 2 கிராம் ஆல்கஹால் போகிறது. அவனுக்குப் போதை இல்லை, ஆனால் "ஒரு சொட்டுகூட" என்ற விதியின் கீழ் அவன் குற்றவாளி.

எழும்பூர் ஹாக்கி

எல்லாரும் 28 வயசு நட்சத்திரத்தை நினைச்சே பேசுறீங்க. விடுதியில இருக்கிற 18, 19 வயசுப் பிள்ளைங்களை யோசிங்க. தமிழ்நாட்டுல மது வாங்க 21 ஆகணும். ஆனா ஜெயிச்ச ராத்திரி ரூம்ல சீனியர் கிளாஸை நீட்டினா ஜூனியரால மறுக்க முடியுமா? "என்னடா பெரிய மனுஷன்"னு ஒரு வார்த்தை போதும். அந்தப் பையன் சொல்லிக்க ஒரு காரணம் வேணும். "ஒப்பந்தத்துல இருக்குண்ணே, என் இடம் போயிடும்"னு அவன் சொல்ல முடிஞ்சா அவன் தப்பிச்சான். விதியோட முதல் பயன் அதுதான், பிடிக்கிறதும் தண்டிக்கிறதும் அப்புறம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னாடி ஜப்பான் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் அணிக் கேப்டன், 19 வயசு, புகைச்சதுக்கும் குடிச்சதுக்கும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாங்க. அங்க சட்டப்படி வயசு 20. கடுமைன்னு பலர் சொன்னாங்க, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா அங்க விதி என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். இங்க எந்த விதியும் இல்லாம, செய்தி வெளியே வந்தா மட்டும் பையனைக் கைவிடுறோம். அது இன்னும் பெரிய கொடுமை.

சேப்பாக் கேலரி

எழும்பூர் அக்கா, 21க்குக் கீழ முழுத் தடைன்னா நான் கையெழுத்துப் போடுறேன், அதுல வாதமே இல்ல. சீனியர் ஊத்திக் கொடுத்தா அபராதம் சீனியருக்குன்னும் எழுதுங்க, ஜூனியரைத் தொடாதீங்க.

என் பயம் வேற இடத்துல. ஏற்கெனவே அடிமையானவர் என்ன பண்ணுவார்? இங்கிலாந்து கால்பந்து கிளப் ஆர்சனலோட கேப்டன் டோனி ஆடம்ஸ் 1990ல குடிச்சு வண்டி ஓட்டி ஜெயிலுக்கே போனார். 1996ல "நான் குடிநோயாளி"ன்னு வெளிப்படையாச் சொன்னார். அதே நேரத்துல புதுப் பயிற்சியாளர் வெங்கர் வந்து சாப்பாட்டையும் குடியையும் மாத்தினார். 1998ல ஆடம்ஸ் பிரீமியர் லீக் கோப்பையும் எஃப்.ஏ. கோப்பையும் தூக்கினார். "குடிச்சா ஒப்பந்தம் ரத்து"ன்னு இருந்திருந்தா அவர் வாயைத் திறந்திருப்பாரா? 2009ல ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் சைமண்ட்ஸ் மது தொடர்பான அணி விதியை மீறி டி20 உலகக் கோப்பையில இருந்து திருப்பி அனுப்பப்பட்டார். விதி அவரை அணியில இருந்து எடுத்துச்சு, குடியில இருந்து எடுக்கல.

வேளச்சேரி பிசியோ

கேலரி சொல்றதுல மருத்துவ ஆபத்தும் இருக்கு. தினம் குடிக்கிறவர் விதிக்குப் பயந்து திடீர்னு நிறுத்தினா 6 முதல் 48 மணி நேரத்துக்குள்ள கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். ரெண்டாம் நாளுக்கு மேல பிதற்றல், பொய்த் தோற்றம்னு போனா உயிருக்கு ஆபத்து. முகாமோட முதல் நாள் "இன்னைல இருந்து யாரும் தொடக்கூடாது"ன்னு அறிவிச்சா, அந்த வாரமே கிரவுண்டுல ஒருத்தர் வலிப்புல விழலாம். அதை வெயில் மயக்கம்னு நினைச்சுத் தண்ணி தெளிச்சு நேரத்தை வீணாக்குவாங்க. அறிவிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் தனியா ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும்: வாரத்துல எத்தனை நாள், எவ்வளவு, காலைல கை நடுங்குதா? "ஆமா"ன்னவங்களை சிகிச்சைக்கு அனுப்பணும். நம்ம ஊர்லயே அடையாறு இந்திரா நகர்ல டி.டி.கே. மருத்துவமனை பல வருஷமா இந்த வேலையைச் செய்யுது. நிர்வாகத்துக்கு "உடல்நலக் காரணம்"னு மட்டும் போனா போதும்.

பெரியமேடு கோச்

திடீர்னு நிறுத்துற ஆபத்தை நான் யோசிக்கல. ஒத்துக்கிறேன். தானா வந்து சொல்றவருக்குத் தண்டனை வேண்டாம், சிகிச்சை நாள்ல சம்பளமும் நிக்கக்கூடாது.

ஆனா "அளவோட"ங்கிற வார்த்தையை நான் நம்ப மாட்டேன். 2007 கிரிக்கெட் உலகக் கோப்பையில இங்கிலாந்து வீரர் பிளின்டாஃப் நியூசிலாந்துகிட்ட தோத்த ராத்திரி குடிச்சிட்டு செயின்ட் லூசியா கடல்ல மிதி படகோட போனார். துணைக் கேப்டன் பதவி போச்சு, அடுத்த மேட்சும் போச்சு. யாரும் படகைத் தேடிப் போறதுக்காகக் குடிக்க ஆரம்பிக்கிறதில்ல. ரெண்டு பெக்குக்கு அப்புறம் மூணாவதை வேண்டாம்னு சொல்ற புத்தியைத்தான் முதல் ரெண்டும் எடுத்துக்குது. வரம்பைப் பூஜ்ஜியம்னு வச்சா பேரம் இல்ல.

பாரிமுனை வக்கீல்

அப்படியானால் பூஜ்ஜியத்தை நாளோடு கட்டுங்கள், ஆண்டோடு வேண்டாம். விமானிகளுக்குக்கூட நம் நாட்டில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம்தான் விதி. வீரருக்கு அதைவிடக் கடுமையாகவே எழுதலாம். முதல் வரைவு:

"21 வயது நிறையாதவர் ஒப்பந்தக் காலம் முழுவதும் மது அருந்தக் கூடாது. மற்றவர்கள் முகாம் நாட்களிலும், போட்டிக்கு முந்தைய 48 மணி நேரத்திலும், போட்டிக்குப் பிந்தைய 24 மணி நேரத்திலும், தலைக்காயத்துக்குப் பின் மருத்துவர் எழுத்தில் அனுமதிக்கும் வரையிலும் அருந்தக் கூடாது. அரிஷ்டம் முதலான மருந்துகளை அணி மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் மீறலாகாது."

பெரியமேடு கோச்

24ஐ 48 ஆக்குங்க வக்கீல் சார். ஞாயிறு மேட்ச், செவ்வாய் காலை எடைப் பயிற்சி. திங்கள் ராத்திரி திறந்துவிட்டா முதல் பதிவுல நான் போட்ட கணக்குக்கே திரும்பி வந்துடுவோம்.

எழும்பூர் ஹாக்கி

அதோட "சீனியர் கொடுத்தால் மீறல் சீனியருடையது"ங்கிற வரியையும் சேருங்க. கேலரி தம்பி சொன்னது வரைவுல விட்டுப்போச்சு.