ஓடில்லாத நத்தைக்கு ஒரு சொல் – வியாழனுக்குள் வேண்டும்

வண்டிப்பெரியாறு ஆசிரியை, திங்கள் இரவு 9.10

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

எங்களுடையது தமிழ்வழிப் பள்ளி. பிள்ளைகள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவர்கள். பள்ளிக்குப் பின்னால் மூன்று சென்டில் பீன்ஸ், முட்டைக்கோசு, கீரை போட்டிருக்கிறோம். மழை பிடித்த நாளிலிருந்து நாற்று எதுவும் நிற்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் தண்டு மட்டும் இருக்கிறது. பாத்தி ஓரத்துக் கல்லில் வெள்ளி இழை போல ஒரு கோடு காய்ந்து கிடக்கிறது.

கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) மலையாளத்தில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அதைத் தமிழில் எழுதி லயங்களில் கொடுக்க வேண்டும். வியாழன் காலை அச்சகத்துக்குப் போகிறது. மலையாளத்தில் 'ஒச்சு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஓடு உள்ளதும் ஒச்சு, இல்லாததும் ஒச்சு. நான் 'நத்தை' என்று எழுதி ஏழாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "டீச்சர், நம்ம தோட்டத்துல நத்தையே இல்லையே" என்றாள் ஒரு பெண். அவள் சொன்னது சரிதான். அவளுக்கு நத்தை என்றால் முதுகில் வீடு இருக்க வேண்டும். இதை அவள் வீட்டில் அட்டை என்கிறார்கள். இந்த ஊரில் அட்டை என்றால் காலில் ஏறி இரத்தம் குடிப்பது. 'அட்டையை ஒழிக்கும் வழி' என்று அச்சடித்துக் கொடுத்தால், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் அதைத் தங்கள் காலுக்கான வைத்தியம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

'ஓடில்லா நத்தை' என்று எழுதலாம். ஆனால் அறிக்கையில் இருபது இடத்துக்கு மேல் வருகிறது, வாசிக்கும்போது நாக்கு தட்டுகிறது. உதவுங்கள்.

குழித்துறை, திங்கள் இரவு 10.25

அன்புள்ள ஆசிரியைக்கு,

இதற்குப் புதிதாக அலைய வேண்டாம். ஓடு + இலி = ஓடிலி. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்று நன்னூல் சொன்னபடி உகரம் போய்ச் சொல் தானாகக் கூடுகிறது. முதுகெலும்பிலி என்று பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே பிள்ளைகள் படிக்கிறார்கள். மெல்லுடலி, வயிற்றுக்காலி, தலைக்காலி என்று இந்த இனத்துக்கு நம்மவர்கள் ஆக்கிய சொற்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அந்த வரிசையில் ஓடிலி கச்சிதமாக உட்காரும். ஓடுள்ளதை ஓட்டுநத்தை என்று பிரித்துச் சொல்லலாம். ஓடு என்பது வேற்றுமையில் ஓட்டு என டகரம் இரட்டிக்கும்.

அட்டை என்றோ ஒச்சு என்றோ எழுத இடம் கொடுக்காதீர்கள். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பள்ளியில் தமிழ் வேண்டும் என்று கேட்டு நின்ற தலைமுறையின் பிள்ளை நான். நாம் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் அதன் பின்னால் பத்து போகும்.

செங்கோட்டை அண்ணாச்சி, செவ்வாய் காலை 5.50

ஓடிலி நல்ல ஆக்கம், மறுக்கவில்லை. ஆனால் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் ஆக்க வேண்டும்?

தொல்காப்பிய மரபியலில் 'நந்தும் முரளும் ஈரறி வினவே' என்று வருகிறது. நந்துதான் நம் நத்தை. தெலுங்கில் இன்றும் நத்த. அந்த நூற்பாவின் உரையில் நந்தின் கிளையாகச் சங்கு, நத்தை, அலகு, நொள்ளை என்று எண்ணுகிறார்கள். நொள்ளை! நத்தையைத் தனியாகச் சொன்ன பிறகு நொள்ளையையும் தனியாகச் சொன்னால் அது வேறொரு பிராணியாகத்தானே இருக்க வேண்டும்? நொளுநொளு, நொளுக்கு என்ற சொற்களோடு வைத்துப் பாருங்கள். வழவழப்பும் குழைவும் அந்த வேரிலேயே இருக்கின்றன. ஓடில்லாததற்கு நம் முன்னோர் வைத்த பெயர் நொள்ளை என்பது என் துணிபு.

நந்து என்ற வினையையும் பாருங்கள். அதற்கு வளர்தல் என்றும் பொருள், கெடுதல் என்றும் பொருள். 'நத்தம்போல் கேடும்' என்ற குறளில் பரிமேலழகர் நத்தத்தை நந்து என்ற தொழிற்பெயரிலிருந்து வருவித்து ஆக்கம் என்கிறார். சங்கு என்று கொள்பவர்களும் உண்டு. வளர்ந்துகொண்டே தேயும் ஒரு பொருள், சுருளாக வளர்கிற ஓடு... இதைத் தனியாகவே எழுத வேண்டும். மாலை எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, செவ்வாய் காலை 8.15

அண்ணாச்சி, நொள்ளை என்றால் இன்று யார் காதிலும் நொள்ளைக் கண்தான் விழும். அகராதியிலும் அந்தப் பொருள் இருக்கிறது. வகுப்பில் கண் சரியில்லாத ஒரு பிள்ளை இருந்தால் அந்தத் துண்டறிக்கை அவனைப் படுத்தும் பாட்டை நினைத்துப் பாருங்கள். வேண்டவே வேண்டாம்.

ஓடிலியிலும் எனக்கு ஒரு தடை உண்டு. விலங்கியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓடில்லாதது என்று நாம் சொல்கிற எல்லாவற்றுக்கும் ஓடு இல்லாமல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மரியெல்லா டுசுமியேரி என்ற இனத்துக்கு முதுகில் ஒரு மடிப்பு இருக்கிறது, அதற்குள் சிறிய ஓடு இருக்கிறது. தோட்டங்களில் அதிகம் பார்க்கிற, கறுத்துத் தட்டையான லேவிகாலிஸ் ஆல்டேவுக்கு ஓடு அறவே கிடையாது. ஓடிலி என்று பெயர் வைத்தால் முதலாவதற்குப் பொய்யாகிவிடும்.

இன்னொன்று. 'ஓடிலி' என்று எழுதிக்காட்டினால் என் தங்கை மகன் 'ஓட மாட்டாதது' என்கிறான். ஓடு என்றால் அவனுக்கு வினைதான். பேசாமல் ஆங்கிலத்தில் சொல்கிறபடி 'ஸ்லக்' என்றே எழுதிவிடுங்கள். பீன்ஸ், கேரட் எல்லாம் அப்படித்தானே எழுதுகிறோம்?

குழித்துறை, செவ்வாய் காலை 9.05

தம்பி, முதுகெலும்பிலி என்ற சொல்லை வைத்துக்கொண்டு முதுகு எங்கே என்று யாரும் தேடுவதில்லை. பெயர் ஓர் அடையாளம், முழு வரையறை அல்ல. 'ஸ்லக்' என்பதில் தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கக்கூடாதோ அந்த எழுத்தில் தொடங்குகிறீர்கள். மொழிமுதல் எழுத்து விதி தெரியாதவர் அல்லர் நீங்கள்.

கம்பம், செவ்வாய் பகல் 1.30

டீச்சர், நான் இலக்கணம் அதிகம் படிக்கவில்லை. குமுளிப் பக்கம் ஏலமும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கிறேன். சொல் எதுவானாலும் அறிக்கையில் உள்ள விஷயத்தை ஒரு தடவை சரிபாருங்கள். முன்பு ஒரு அறிக்கையை நம்பி நான் சாம்பல் தூவினேன். சாம்பல் காய்ந்திருக்கும் வரைதான் வேலை செய்யும். நம் மழைக்கு அரைமணி தாங்காது. உப்பும் பாத்தியில் தூவக்கூடாது, மண் கெட்டுவிடும்.

நான் செய்வது இதுதான். சாயங்காலம் பழைய சணல் சாக்கை நனைத்து, உள்ளே கோசு இலையும் பப்பாளி இலையும் போட்டு வரப்பில் வைத்துவிடுவேன். விடிந்ததும் பிரித்தால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல் நாள் ஒரே சாக்கில் நாற்பத்தொன்று. கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். செடிக்குத் தண்ணீர் காலையில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் இராத்திரி அதற்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. கல், பலகை அடியில் ஜவ்வரிசி போலக் கொத்தாக முட்டை இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். இதில் ஆண் பெண் என்று தனியாக இல்லை, எல்லாமே முட்டையிடும்.

மெட்டால்டிஹைட் என்ற நத்தைக்கொல்லி விஷக் குருணை பற்றி அறிக்கையில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நாய் தின்றால் செத்துப்போகும். லயத்தில் நாய் இல்லாத வாசல் ஏது?

வண்டிப்பெரியாறு ஆசிரியை, செவ்வாய் இரவு 8.40

கம்பம் அக்காவுக்கு ரொம்ப நன்றி. குருணை எடுத்தாகிவிட்டது. கையுறை என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறேன். எலியின் நுரையீரல் புழு இவற்றின் உடம்பில் தங்கி, அதிலிருந்து மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரலாம் என்பதால் கீரையை நன்றாகக் கழுவச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தேன்.

அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. 25 கிராம் புகையிலையை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராக வற்றும் வரை கொதிக்க வைத்து, 60 கிராம் 'துரிசு' கரைத்த ஒரு லிட்டர் தண்ணீரோடு கலந்து தெளிப்பது. துரிசுக்கு, அதாவது காப்பர் சல்பேட்டுக்கு, தமிழில் மயில்துத்தம்தானே? எங்கள் ஆள்களுக்கு மயில்துத்தம் தெரியவில்லை, துரிசு தெரிகிறது.

இன்று ஆறு பிள்ளைகளோடு கைவிளக்கு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கோசு இலையில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. விளக்கை ஓரமாகப் பிடித்தோம். நான்கு கொம்பு. மேலே உள்ள நீளமான இரண்டின் நுனியில் கறுப்புப் புள்ளியாகக் கண். கீழே உள்ள சிறிய இரண்டால் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. ஒரு பையன் விரலை நீட்டினான், தொடுவதற்கு முன்பே கொம்பு உள்ளே போய்விட்டது. அப்போது முதல் நாள் என்னைத் திருத்திய அதே பெண், "டீச்சர், இது மொட்டை நத்தை" என்றாள். மற்ற ஐந்து பேரும் உடனே அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மொட்டை நத்தை, மொட்டை நத்தை.

எழுதலாமா?

செங்கோட்டை அண்ணாச்சி, செவ்வாய் இரவு 9.15

கண் இருக்கிறது என்கிறீர்கள். மோப்பமும் உண்டென்றால் மரபியலின் ஈரறிவு என்ன ஆகிறது? தொடுதலும் சுவையும்தானே அங்கே கணக்கு? அல்லது நந்து என்று தொல்காப்பியர் சொன்னது நீர்ச்சங்கை மட்டுமா? இது சின்ன விஷயமில்லை.

குழித்துறை, செவ்வாய் இரவு 10.00

மொட்டை என்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மொட்டை என்றால் இருந்ததை மழித்தது. மொட்டைத் தலை, மொட்டை மரம். இந்தப் பிராணிக்கு ஓட்டை யாரும் எடுக்கவில்லை. தவிரவும் அது கேலிச்சொல். மொட்டைக் கடுதாசி என்று எந்தக் குரலில் சொல்கிறோம்? கலைச்சொல்லுக்கு ஒரு கண்ணியம் வேண்டாமா?

துரிசை மயில்துத்தம் என்றே எழுதுங்கள்.

கம்பம், செவ்வாய் இரவு 10.20

மொட்டை மாடியில் எதை மழித்தார்கள் ஐயா? மேலே கூரை இல்லை, அவ்வளவுதான். இதற்கும் மேலே கூரை இல்லை.

துரிசு விஷயத்தில் நான் விடமாட்டேன். ஏலத்துக்கும் மிளகுக்கும் மழைக்கு முன்னால் பூஞ்சை நோய் வராமல் போர்டோ கலவை அடிக்கிறோம். 100 லிட்டருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. கடையில் கேட்பதும் துரிசு, சாக்கில் எழுதியிருப்பதும் துரிசு. மயில்துத்தம் என்று போட்டால் யாரும் வாங்கப் போவதில்லை, அல்லது வேறு எதையாவது வாங்கி வருவார்கள். இரண்டையும் போடுங்கள். அப்புறம், அந்தக் கலவையை இளம் பீன்ஸ் இலையில் அடித்தால் கருகும். சுவருக்கும் வேலி ஓரத்துக்கும் போதும். ஓடைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, மீன் சாகும்.

கொழிஞ்சாம்பாறை, புதன் காலை 7.30

இராத்திரி முழுக்க யோசித்தேன். 'ஸ்லக்' வேண்டாம், திரும்பப் பெறுகிறேன்.

குழித்துறை ஐயா, மொட்டை என்றால் இருந்து இழந்தது என்று நீங்கள் காட்டிய தடைதான் அந்தச் சொல்லின் பலம். இவற்றின் மூதாதைகள் ஓடுள்ள நத்தைகளே. நத்தை இனத்தில் வெவ்வேறு கிளைகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், பலமுறை ஓடு சுருங்கி மறைந்திருக்கிறது. மரியெல்லா பாதி வழியில் நிற்கிறது, லேவிகாலிஸ் முழுக்க இழந்துவிட்டது. ஓடிலி என்றால் இல்லை என்று மட்டும் தெரிகிறது. மொட்டை நத்தை என்றால் நத்தை என்ற உறவும் தெரிகிறது, இழந்த கதையும் தெரிகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் அவள் சொல்லில் எல்லாம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட பெரிய ஆப்பிரிக்க நத்தை இப்போது கேரளத்தில் பல இடங்களில் இருக்கிறது. அது மொட்டை அல்ல, ஓட்டுநத்தை. வயல் நத்தை சமைக்கிற வீடுகள் அதையும் பொறுக்கிவிடக்கூடாது. ஐயாவின் 'ஓட்டுநத்தை' அந்த இடத்தில் அப்படியே பயன்படும்.

குழித்துறை, புதன் காலை 11.40

தம்பியின் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். இழந்தது என்ற பொருள் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். துண்டறிக்கைக்கு மொட்டை நத்தை இருக்கட்டும். ஆனால் நாளை பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒருவர் இதன் உறுப்புகளை எழுத வேண்டி வந்தால், 'மொட்டை நத்தையின் செரிமான மண்டலம்' என்று தலைப்பு வைப்பாரா? அங்கே ஓடிலிதான் நிற்கும். என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தத்தை முதலிலும் துரிசைப் பின்னாலும் போடுங்கள்.

வண்டிப்பெரியாறு ஆசிரியை, புதன் இரவு 9.30

படி தயார். தலைப்பு: 'மொட்டை நத்தையிடமிருந்து கீரையைக் காப்பாற்ற'. ஓடுள்ளதற்கு ஓட்டுநத்தை. துரிசு முதலில், மயில்துத்தம் பின்னால். மன்னியுங்கள் ஐயா, கடைக்குப் போகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டியது அதுதான். கம்பம் அக்காவின் சாக்கு முறையை முதல் பத்தியாகவே வைத்துவிட்டேன். நேற்று வைத்த சாக்கில் இன்று காலை பத்தொன்பது கிடைத்தது.

மொட்டை நத்தை என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். சேர்த்து எழுத வேண்டுமா? காலை எட்டு மணி வரை திருத்தலாம்.

செங்கோட்டை அண்ணாச்சி, புதன் இரவு 11.50

பிரித்தே இருக்கட்டும் அம்மா. நந்து பற்றிச் சொன்னேன் அல்லவா, எழுதி முடித்துவிட்டேன், கொஞ்சம் நீளம். கன்னடத்தில் நத்தையைப் பசவன ஹுளு என்கிறார்கள், பசவனின் புழு, அதாவது காளைப் புழு. அந்தக் கொம்புகளைப் பார்த்து வைத்த பெயர். உங்கள் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் அதைத்தான். நம் பக்கம் கொம்பை வைத்து ஒரு பெயர் இருந்திருக்காதா? லயத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.