ஏட்ரியன் மோல் இரண்டாம் பாகம்: முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி: ஏட்ரியன் மோல் என்ற ஆங்கிலேயச் சிறுவன் எழுதும் டைரி வடிவில் சூ டவுன்செண்ட் எழுதிய நகைச்சுவை நாவல் வரிசையில் இரண்டாம் பாகத்தை (1984) நேரடியாகத் தொடங்கலாமா?

பதில் 1: வேண்டாம். 1982இல் வந்த முதல் புத்தகம் 1981 ஜனவரி 1இல் தொடங்கி 1982 ஏப்ரலில் நிற்கும். இரண்டாவது அங்கிருந்தே தொடர்கிறது. அவன் காதலி பண்டோரா யார், கிழவர் பெர்ட் பாக்ஸ்டர் யார் என்று தெரியாமல் படித்தால் பாதி சிரிப்பு போய்விடும். பள்ளி ரவுடி பேரி கென்ட்டின் கூட்டத்தில் ஏட்ரியனே சேர்வது ஏன் அவ்வளவு வேடிக்கை என்பதும் புரியாது.

பதில் 2: கூடவே, கதையின் பின்னணியில் வரும், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின் தேதிகளையும் மனதில் வையுங்கள்: 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை. ஏட்ரியனின் பிறந்தநாளும் ஏப்ரல் 2தான்! ‘ஓ லெவல்’ என்பது அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வு. நிதானமாகப் படியுங்கள், அவன் எழுதி வைப்பதன் அர்த்தம் அவனுக்கே தெரியாது, நமக்குத்தான் தெரியும். தங்கை ரோஸி பிறக்கும் பகுதி அதற்கு அருமையான உதாரணம்.

பதில் 1 (மீண்டும்): 1989இல் வந்த மூன்றாவது புத்தகம் வேறு மாதிரி. அதில் பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சரின் இளவயதுக் கற்பனை டைரியும் உண்டு. அவசரமென்றால் அதைத் தாண்டி 1993 புத்தகத்துக்குப் போகலாம்.