நல்லமலையில் யுரேனியம்: தேடிப் பார்ப்பதில் என்ன கெடுதல்?

கருங்கல்:
2019 மே மாதம் தெலங்கானாவின் நல்லமலைக் காட்டில் இருக்கும் அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனியம் தேட மத்திய அரசின் வன ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பரில் சட்டமன்றமே எதிர்த்துத் தீர்மானம் போட்டது. கனிமத் தேடல் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பயம் தேவையில்லாதது. முதல் கட்டம், தாதுவிலிருந்து வரும் காமா கதிரை விமானத்திலிருந்து அளப்பது. அப்புறம் சின்டில்லோமீட்டர் என்ற கதிர் அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக நடப்போம். காமா கதிர் அரை மீட்டர் மண்ணைக்கூடத் தாண்டி வருவது கடினம். அந்தப் பக்கத்தில் தாது இருப்பதோ மேலே படிந்த குவார்ட்சைட் பாறையும் அடியிலுள்ள பழைய கிரானைட்டும் சேரும் இடத்தில். அங்கே போய்ப் பார்க்கத் துளை போட்டே ஆகவேண்டும். உள்ளங்கை அகலத் துளை. கோர் என்கிற உருளைப் பாறைத் துண்டை எடுத்து, உள்ளே கருவி இறக்கி அளந்து, சிமென்ட் ஊற்றி அடைத்துவிடலாம். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காமல்தான் திரும்புவோம்.

வேங்கைமரம்:
துளை உள்ளங்கை அகலம்தான் ஐயா. துளை போடும் இயந்திரமான ரிக் காட்டுக்குள் எப்படி வரும்? லாரி போகப் பாதை வெட்ட வேண்டும், ரிக் நிற்க இடத்தைச் சமப்படுத்த வேண்டும். முனை சூடேறாமல் இருக்க ஓயாமல் தண்ணீர் விட வேண்டும். கோடையில் அங்கே வாழும் செஞ்சுப் பழங்குடி மக்களின் பென்டாக்களில், அதாவது காட்டுக் குடியிருப்புகளில், குடிக்கிற தண்ணீருக்கே அலைகிறார்கள். அன்று 4,000 துளைகள் என்று செய்தி வந்தது. துளையை அடைத்துவிடலாம், போட்ட பாதையை எப்படி அடைப்பீர்கள்? அடுத்த மாதமே வேட்டைக்காரனும் மரம் வெட்டுகிறவனும் அதே வழியில் வருவான்.

மணல்மேடு:
இடையில் ஒரு விஷயம். கல்பாக்கத்தில் உள்ள இரண்டு பழைய மின் உலைகளும் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே இருப்பவை. 2008க்குப் பிறகு கஜகஸ்தானிலிருந்தும் கனடாவிலிருந்தும் யுரேனியம் வாங்கினாலும், அதைக் கண்காணிப்பில் உள்ள உலைகளில்தான் போடலாம், இவற்றில் போட முடியாது. உள்நாட்டுத் தாதுதான் வேண்டும். ஜார்கண்டின் ஜாதுகோடாவில் 1967 முதல் யுரேனியம் தோண்டுகிறோம். நம் வீட்டு விளக்குக்காக ஜார்கண்ட் மக்கள் மட்டும் சுமக்க வேண்டுமா?

வேங்கைமரம்:
நியாயமான கேள்விதான். ஆனால் ஜார்கண்டில் நடந்ததை நல்லமலையிலும் நடத்துவது அதற்குப் பதிலாகாது.

கருங்கல்:
பாதை பற்றிச் சொன்னீர்கள். கனடாவில் யுரேனியம் கிடைக்கும் அதாபாஸ்காவில் சாலையில்லாத இடங்களுக்கு ரிக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றி ஹெலிகாப்டரில் கொண்டுபோகிறார்கள். ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டி மேலேயே நிறுத்தித் துளை போடுகிறார்கள். செலவு கூடும், அவ்வளவுதான். இங்கேயும் அதையே நிபந்தனையாகப் போடுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்றால், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காலத்துக்கும் சண்டை போடுவோம்.

வேங்கைமரம்:
தெரிந்த பிறகு சண்டை தீருமா? ஆஸ்திரேலியாவின் கூங்கராவைப் பாருங்கள். 1970 வாக்கில் தாது கண்டுபிடித்தார்கள். நிலத்துக்குப் பாரம்பரிய உரிமை உள்ள ஜோக் குலத்தின் கடைசி மூத்தவர் ஜெஃப்ரி லீ. பெரும் பணம் வரும் என்று தெரிந்தும் மறுத்துக்கொண்டே இருந்தார். 2011இல் அந்த இடம் காக்காடு தேசியப் பூங்காவின் உலகப் பாரம்பரியப் பகுதியோடு சேர்ந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. கண்டுபிடித்தவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் நாற்பது வருடம் காவல் இருந்தது அந்த மக்கள். செஞ்சுகளிடம் அந்தப் பலம் இருக்கிறதா? துளை போடும் முன்பே பென்டாக்களில் கிராம சபை கூட்டிக் கேளுங்கள். மாட்டோம் என்றால் அதோடு விடுங்கள்.

கருங்கல்:
கேட்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளந்து பார்த்துத் தரம் குறைவு என்று வந்தால் விஷயம் அன்றோடு முடிந்துவிடும் அல்லவா? அளக்காமல் விட்டால் ஒவ்வொரு ஆட்சியிலும் இந்தக் கோப்பு திரும்ப வரும். 2024இல் ஆந்திராவின் கர்னூல் மாவட்டக் கப்பட்ராள்ளாவில் யுரேனியம் தேட அறுபத்துச் சொச்சம் துளைக்கு அனுமதி என்று செய்தி வந்ததும் ஊரே சாலைக்கு வந்தது, நினைவிருக்கும்.

வேங்கைமரம்:
தரம் குறைந்தால் விட்டுவிடுவார்கள் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஆந்திராவின் கடப்பாவில் துமலப்பள்ளி சுரங்கத் தாதுவில் ஒரு டன்னுக்கு அரைக் கிலோ யுரேனியம்கூட இல்லை. தோண்டும் முன்பே அது தெரியும். தோண்டினார்கள். மிச்சம் அத்தனையும் கழிவுக்குட்டைக்குப் போகிறது. கிணற்று நீர் கெட்டது, வாழை கருகியது என்று பக்கத்து ஊர் விவசாயிகள் பல வருடமாக மனு கொடுக்கிறார்கள்.