பாரிஸ் போய் வந்து மனம் வெறுத்துவிட்டது, அக்கா குடும்பத்தை அனுப்பலாமா?

அம்மாபேட்டைக்காரன்:
அப்பா அம்மாவை பாரிஸ் அழைத்துப் போய்விட்டு வந்திருக்கிறேன். அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர், ஈபில் கோபுரத்தைக் காலண்டரில் பார்த்த காலத்திலிருந்து அந்த ஊர்மேல் அவருக்கு ஆசை. அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் நாலைந்து பேர் வண்ண நூல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். கோட்டை மாரியம்மன் கோவிலில் கயிறு கட்டிக்கொள்கிற பழக்கத்தில் அப்பா வலது கையை நீட்டிவிட்டார். அவன் விரலில் சுற்றி, முறுக்கி, மணிக்கட்டில் இறுக்கமாக முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் எங்களை ஒட்டி நின்றுகொண்டார்கள். 20 யூரோ கொடு என்றான். அம்மா நடுங்கிப் போய்விட்டார், கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தோம். நூலை அறுக்க ஹோட்டலில் கத்தரிக்கோல் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அப்பா எங்கே போனாலும் கையைச் சட்டைப்பையில் வைத்து அழுத்திக்கொண்டே நடந்தார், எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செலவைச் சொன்னால் வயிறு எரிகிறது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. லூவர் அருங்காட்சியகத்தில் எங்களுக்குத் தலைக்கு 32 யூரோ, ஐரோப்பாக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. கோபுர உச்சிக்கு லிஃப்டில் போக 36 யூரோவுக்கு மேல். ஒரு கடையில் தண்ணீர் கேட்டோம், பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு அதற்கும் பில் போட்டார்கள்.

இப்போது அக்கா, மாமா, இரண்டு பெண் பிள்ளைகள் மே மாதம் போகிறார்கள். ஏஜென்டிடம் பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. போகாதே என்று சொல்வதா, எப்படிப் போவது என்று சொல்வதா?

பழைய பாரிஸ்வாசி:
தம்பி, அப்பாவுக்கு நடந்ததைப் படித்ததும் கஷ்டமாக இருந்தது. நான் அங்கே வேலை பார்த்துவிட்டு இப்போது ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறேன். அந்த நூல் கும்பல் வெகு காலமாக அதே படிக்கட்டில்தான் நிற்கிறது. கிட்டே வரும்போதே இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு, நிற்காமல் போய்விட வேண்டும், பதிலே பேசக் கூடாது. காது கேளாதவர்களுக்கு என்று சொல்லி அட்டையில் கையெழுத்து கேட்கிற பெண்களும் அப்படித்தான், நீங்கள் எழுதக் குனிகிற நேரத்தில் இன்னொரு கை பையில் இருக்கும். 2013 ஏப்ரலில் லூவர் ஊழியர்களே பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் வேலையை நிறுத்தி, ஒரு நாள் முழுக்க அருங்காட்சியகத்தைத் திறக்க முடியாமல் போனது.

ஆனால் இரண்டு கட்டணம் என்பதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். தாஜ்மகாலில் நமக்கு 50 ரூபாய், வெளிநாட்டாருக்கு 1,100 ரூபாய். லூவரில் 2026 ஜனவரியிலிருந்து இந்த 32 யூரோ. 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம், அக்காவிடம் சொல்லுங்கள். தண்ணீருக்கு ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டுவந்து வைப்பார்கள், சாப்பிடுகிறவர்களிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காபியை மேசையில் உட்காராமல் கவுன்டரில் நின்று குடித்தால் பெரும்பாலான கடைகளில் விலை குறையும். அப்புறம் இதெல்லாம் சின்னத் திருட்டுதான், ஆளை அடிக்கிற ஊர் இல்லை.

அம்மாபேட்டைக்காரன்:
அண்ணா, சின்னத் திருட்டு என்கிற வார்த்தையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 20 யூரோ போனால் போகட்டும். மூன்று பேர் சுற்றி நின்று வயதானவரின் கையை விடாமல் பிடித்திருக்கிறார்கள், சுற்றிலும் நூறு பேர் இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்காடு எஸ்டேட்:
அம்மாபேட்டை குமரன் சொல்வதுதான் சரி. பயந்துகொண்டே பார்த்த ஊர் பார்த்த கணக்கில் சேராது. இங்கே ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் அறை வாடகை ஏறிவிடுகிறது, அதற்கு நாங்களும் திட்டு வாங்குகிறோம், ஆனாலும் ராத்திரி ஏரிப் பக்கம் குடும்பத்தோடு நடந்து போகலாம். என்னைக் கேட்டால் அக்கா பாரிஸில் நாட்களைக் குறைத்துக்கொண்டு ரயிலேறி ஸ்ட்ராஸ்பூர் போகட்டும், 2 மணி நேரம்கூட ஆகாது, வாய்க்கால் ஓரம் பழைய மர வீடுகள், நிம்மதியாக நடக்கலாம். பாரிஸில் நாத்ர் தாம் தேவாலயத்தை மட்டும் விட வேண்டாம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள், உள்ளே போகக் கட்டணம் கிடையாது, கல்லெல்லாம் கழுவி வெளுப்பாக நிற்கிறது.

அஸ்தம்பட்டி அக்கா:
எங்கள் வீட்டில் போன் போனது மெட்ரோவில். கதவு மூடப் போகிறது என்று ஒலி வரும், அந்த நொடியில் கதவோரம் நிற்கிறவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே குதித்துவிடுவான், கதவு மூடிவிடும், நாம் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் பிள்ளைகளைக் கதவுப் பக்கம் விடாமல் உள்ளே தள்ளி நிற்க வைக்கச் சொல்லுப்பா. பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகல் மட்டும் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் சீட்டு வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகம் போக வேண்டும், ஊர் திரும்ப மட்டும் பயன்படுகிற அவசரச் சான்றிதழ் கொடுப்பார்கள்.

தங்குவதற்கு மலிவு என்று ஏஜென்ட் கார் தூ நோர் ரயில் நிலையப் பக்கம் போட்டிருந்தால் மாற்றச் சொல். பகலில் சாப்பிட மட்டும் அங்கே போகலாம், பக்கத்திலேயே லாசப்பல், ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இடியாப்பமும் சொதியும் கிடைக்கும், மாணிக்க விநாயகர் கோவிலும் அங்கேதான். எங்கள் மாமியாருக்கு அந்த ஊரில் பிடித்த இடம் அதுதான்.

பழைய பாரிஸ்வாசி:
குமரன், ‘சின்னத் திருட்டு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அக்காவுக்கு இன்னொன்று: விமான நிலைய ரயிலுக்கே ஒரு வழிக்கு 13, 14 யூரோ ஆகும். திங்கள் முதல் ஞாயிறு வரை மெட்ரோ, ரயில், பஸ்ஸில் செல்லுகிற ‘நவிகோ’ என்ற வாரச் சீட்டு 32 யூரோவை ஒட்டி வரும், விமான நிலையப் பயணமும் அதில் அடக்கம். திங்கள் அல்லது செவ்வாய் போய் இறங்கினால் அதுதான் லாபம்.

அம்மாபேட்டைக்காரன்:
சரிண்ணா. அவர்கள் இறங்குவது திங்கட்கிழமைதான். அதற்குப் போட்டோ ஒட்ட வேண்டும் என்கிறார்களே, இங்கேயே எடுத்துக்கொண்டு போகலாமா?

பழைய பாரிஸ்வாசி:
போகலாம். பாஸ்போர்ட் அளவு பெரிது, 25க்கு 30 மில்லிமீட்டர் என்று ஸ்டூடியோவில் சொல்லி ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.