பெலிஹுல்ஓயாவிலிருந்து இடமாற்றம்: வந்தாறுமூலையா, சம்மாந்துறையா?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை
அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் பெலிஹுல்ஓயாவில் இருக்கிற சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானம் முதலாம் ஆண்டு முடித்திருக்கிறேன். எங்கள் வீடு ஏ4 வீதியோரம். கம்பஸ் இருக்கிற பம்பஹின்னவும் அதே ஏ4 வீதியில்தான். ஆனால் அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று அந்த வீதி சுற்றுகிற சுற்றில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

சித்திரை மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. அம்மா தனியாகத்தான் பார்க்கிறார். தம்பிக்கு இந்த வருஷம் ஓ.எல். சோதனை. அதனால் வீட்டுக்குக் கிட்ட இடமாற்றம் கேட்கலாம் என்று இருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் வந்தாறுமூலையில் இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். எங்கள் வீடு இரண்டுக்கும் நடுவில். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் செய்ய எனக்குச் சரியான ஆசை. எதைக் கேட்பது?

வாவிக்கரை
தங்கச்சி, யோசிக்காமல் வந்தாறுமூலையைக் கேளுங்கள். நான் அங்கே படித்தவள், இப்போது ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்று தொடங்கியபோது இருந்தது இரண்டே பீடம்தான்: விஞ்ஞானமும் விவசாயமும். 1986இல் அது முழுப் பல்கலைக்கழகமானது. யுத்தத்துக்குள்ளும் அந்த ஆய்வுகூடங்களில் செய்முறை நடந்தது. சிறப்புப் பட்டம் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பழுத்த துறை இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

காரைதீவுச் சந்தி
அக்கா சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பீடத்தின் வயதைப் பார்க்கிறீர்கள், பிள்ளையின் வீட்டைப் பார்க்கவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தாறுமூலைக்குப் போவதென்றால் முதலில் மட்டக்களப்பு. காலையில் பள்ளிக்கூட நேரத்தில் கல்லடிப் பாலம் தாண்டுவதற்கே பொறுமை வேண்டும். பிறகு பஸ் நிலையத்தில் இறங்கி வாழைச்சேனைப் பக்கம் போகிற பஸ் பிடித்து, ஏறாவூர், செங்கலடி தாண்டிப் போக வேண்டும். சம்மாந்துறைக்கு அதில் பாதித் தூரம்தான். கல்முனை தாண்டிக் காரைதீவுச் சந்தியில் இறங்கினால் அம்பாறைப் பக்கம் போகிற பஸ் நிற்கும். நான் அப்படித்தான் போய் வந்து படித்தேன். செய்முறை முடிந்து ஐந்து மணிக்கு வெளிக்கிட்டாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் இருப்பேன். அப்பாவைத் தூக்கி இருத்த இன்னொரு ஆள் வேண்டிய வீட்டுக்கு அதுதான் முக்கியம்.

படுவான்கரை
எனக்கு மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தென்கிழக்கு முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று வந்த பல்கலைக்கழகம். நம்முடைய பொம்பிளைப் பிள்ளை அங்கே தனியாகப் போய் என்ன செய்யும்? வீட்டுக்காரர் பயப்படமாட்டார்களா?

காரைதீவுச் சந்தி
படுவான்கரை அண்ணா, கோபம் இல்லை. என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர்தான். யுத்த காலத்தில் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகமுடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்கு வழி வேண்டும் என்றுதான் 1995இல் அது தொடங்கியது. அந்த நேரம் அதற்குத் தேவை இருந்தது. இன்று அதன் பிரதான வளாகம் இருக்கிற ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள்.

நான் இரண்டாம் வருஷம் சோதனைக்காக ஒரு மாதம் அங்கேயே போர்டிங்கில் நின்றேன். அது நோன்பு மாதம். என் அறைத்தோழி சம்மாந்துறைக்காரி. நோன்பு திறக்கிற நேரம் அவளுடைய வீட்டிலிருந்து கஞ்சி வரும். தூக்குச்சட்டியைத் திறந்ததும் முதல் கோப்பையை எனக்கு ஊற்றி, மூடி வைத்துவிட்டுத்தான் அவள் தண்ணீர் குடிப்பாள். ஒரு நாள் நான் நூலகத்திலிருந்து பிந்தி வந்தேன். கோப்பை என் மேசையில் இருந்தது, மேலே என்னுடைய கொப்பியால் மூடி. அந்தக் கொப்பி அட்டையில் கஞ்சி ஆவி பட்டு வந்த வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த வீட்டாரை நம்பித்தான் என் அம்மா பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

படுவான்கரை
சரி தங்கச்சி. நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை, கேட்டதை வைத்துத்தான் சொன்னேன். அந்த விஷயத்தில் நீங்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாரி காலம்? 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மதரஸாப் பிள்ளைகள் இறந்த வீதிதானே அது? காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்கு அதால்தான் போக வேண்டும்.

காரைதீவுச் சந்தி
ஓம், அதே வீதிதான். இரண்டு பக்கமும் வயல். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் ஏறினால் அன்றைக்குப் போகவே கூடாது. அதில் நான் மறுத்துப் பேசமாட்டேன். மாரிக்கு மட்டும் அங்கே போர்டிங் பார்க்க வேண்டி வரலாம்.

வாவிக்கரை
நீங்கள் எல்லாரும் பஸ்ஸிலேயே நிற்கிறீர்கள். இடமாற்றம் கேட்கிற பிள்ளைக்கு முதல் கேள்வி வேறு. படித்து முடித்த முதலாம் ஆண்டு அங்கே செல்லுமா, செல்லாதா?

தங்கச்சி, இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு வருஷத்துக்கு 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). மூன்று வருஷப் பட்டத்துக்கு 90, நான்கு வருஷச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு புள்ளி என்பது விரிவுரை, செய்முறை, வீட்டில் படிக்கிற நேரம் எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கணக்கு. எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் அளவு ஒன்றுதான். ஆனால் உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றாக இருக்காது. நீங்கள் பெலிஹுல்ஓயாவில் முதலாம் ஆண்டில் படித்த ஒரு பாடம் இங்கே இரண்டாம் ஆண்டில் இருக்கலாம். இங்கே முதலாம் ஆண்டில் முடித்த ஒன்றை நீங்கள் தொடாமலே வந்திருக்கலாம். அப்படி இடைவெளி விழுந்தால் இளைய பட்ச்சோடு இருந்து அந்தப் பாடத்தை எடுக்க வேண்டி வரும். சிறப்புப் பட்டத்துக்குப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். அந்த நேரம் ஒரு பாடம் குறைந்து நின்றால் ஆசை ஆசையாகவே போய்விடும்.

ஆகவே பாடங்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் என்னென்ன தலைப்புகள், எத்தனை மணித்தியாலம், என்னென்ன செய்முறை என்று இருக்கிற விரிவான பாடத்திட்டத்தை உங்கள் பீடத்தில் ஒப்பமும் முத்திரையும் வைத்து வாங்குங்கள். அதை இரண்டு இடத்திலும் காட்டிக் கேளுங்கள்.

காரைதீவுச் சந்தி
இதில் அக்காவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் அப்படிக் கேட்டால் வந்தாறுமூலைதான் வெல்லும் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? சம்மாந்துறை அதிகமான பாடங்களை ஏற்றால்?

வாவிக்கரை
ஏற்றால் நல்லது. ஆனாலும் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் என்று இந்தப் பிள்ளை தெளிவாகச் சொல்கிறது. அந்தத் துறையில் எத்தனை விரிவுரையாளர்கள், இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன கருவி, வருஷம் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நான்காம் ஆண்டு முழுக்க அந்த ஆய்வுகூடத்துக்குள்தான் கிடக்கப் போகிறது. அதைவிட, அப்பாவின் கிளினிக் எங்கே தங்கச்சி?

களுவாஞ்சிகுடிப் பிள்ளை
மாதம் ஒரு முறை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. உடற்பயிற்சி சிகிச்சைக்கு மட்டும் இங்கே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை.

வாவிக்கரை
அப்படியென்றால் கிளினிக் நாளில் அம்மாவோடு சேர்ந்து அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் அப்படியே வந்தாறுமூலைக்குப் போகலாம். பின்னேரம் வரும்போது கூட்டிவரலாம். தெற்கே சம்மாந்துறைக்குப் போனால் அன்றைக்கு ஒரு நாள் விரிவுரை போகும்.

காரைதீவுச் சந்தி
மாதத்தில் ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் இரட்டிப்புத் தூரம் ஓடச் சொல்கிறீர்கள். அக்கா, நீங்கள் விடுதியில் இருந்து படித்தீர்கள். நான் பஸ்ஸில் போய்வந்து படித்தேன். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் மிச்சம் என்றால் அது ஒரு பாடத்தை மீட்டுகிற நேரம்.

ஏறாவூர் வாசி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இடமாற்றம் கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. நீங்கள் இருக்கிற பல்கலைக்கழகம் உங்களைப் போக விட வேண்டும், போகிற இடத்தில் வெற்றிடம் இருக்க வேண்டும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிக்குள் வர வேண்டும். என் மகன் காரணத்தைச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் கொடுத்தான், வைத்திய அறிக்கை வைக்கவில்லை. ஒரு செமஸ்டர் வீணாகப் போனது. அப்பாவின் வைத்திய அறிக்கை, கிராம சேவகரின் கடிதம் இரண்டையும் முதலே எடுத்து வையுங்கள் மகள். பதில் வரும்வரை அங்கே வகுப்பை விடவே வேண்டாம்.

களுவாஞ்சிகுடிப் பிள்ளை
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்கு இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். அவர் தூரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “எங்கே போனால் நீ நினைச்ச படிப்பு கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். அது என்னை யோசிக்க வைத்துவிட்டது. காரைதீவு அக்கா, நீங்கள் சொன்ன ஒன்றரை மணித்தியாலமும் மனதில் நிற்கிறது. பாடத்திட்டம் கையில் வந்ததும் இரண்டு பீடத்துக்கும் நேரில் போகிறேன். எந்தப் பக்கம் இரசாயனவியல் பாடங்களை அதிகம் ஏற்கிறார்களோ அந்தப் பெயரைத்தான் எழுதுவேன்.

வாவிக்கரை
வருகிற நாளைச் சொல்லுங்கள் தங்கச்சி. பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் செங்கலடியில் நிற்கிறேன். துறைக்கு நானே கூட்டிப்போகிறேன்.

காரைதீவுச் சந்தி
சம்மாந்துறைக்கு வருகிற நாளில் சந்தியில் நான். மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.