கிருஷ்ணகிரி, தர்மபுரி பஸ்களுக்கு முதலில் எது வேண்டும்: தகவலா, தாழ்தளமா?

ஊத்தங்கரைக்காரன்: கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடையாது, எங்களுக்கு எல்லாமே பஸ்தான். எனக்குப் பார்வை இல்லை. ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் "இது ஊத்தங்கரையா?" என்று கேட்கிறேன், யாராவது பதில் சொல்வதற்குள் அது கிளம்பிவிடுகிறது. சென்னையில் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் 2022லேயே வந்துவிட்டது. நம் டவுன் பஸ்களுக்கும் அது வேண்டும், வண்டி வந்து நின்றதும் தடத்தைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கரும் வேண்டும் என்று மனு எழுதப் போகிறேன்.

பாலக்கோடு அண்ணன்: உங்கள் கஷ்டம் புரிகிறது சார், ஆனால் என் தங்கை சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பஸ் ஐந்து நிமிடத்தில் வரும் என்று தெரிந்து அவள் என்ன செய்வாள்? படி முழங்கால் உயரம், வாசல் நடுவில் கம்பி. போன வாரம் நானும் இன்னொருவரும் தூக்கும்போது அவள் கால் கம்பியில் மாட்டிக்கொண்டது, அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் கிடையாது, சரி, ஏறவே முடியாத வண்டியில் இலவசம் எதற்கு? இருக்கிற பணத்தைத் தாழ்தள பஸ்ஸுக்குப் போடட்டும்.

ஊத்தங்கரைக்காரன்: தம்பி, தாழ்தள பஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பத்து வண்டியில் இரண்டு தாழ்தளமாக வந்தால், அந்த இரண்டும் எப்போது வரும் என்று தங்கைக்கு யார் சொல்வது? வெயிலில் எட்டு வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 41ஆம் பிரிவு போக்குவரத்து, 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பம். இரண்டுமே நம் உரிமை, ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட விடக்கூடாது.

தர்மபுரி டாக்பேக்: ஆப் வந்தால் மட்டும் போதாது அண்ணா, எனக்கும் பார்வை இல்லை. பெங்களூரிலிருந்து வர ஒரு தனியார் பஸ்ஸில் புக் செய்தேன். சீட் படத்தில் விரல் வைத்த இடமெல்லாம் "பெயரில்லாத பட்டன்" என்றே, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் படித்தது, ஸ்டாண்டுக்குள் வருமா பைபாஸா என்பதும் படத்தில்தான் இருந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு பைபாஸில் இறக்கிவிட்டார்கள், லாரிச் சத்தத்தில் எந்தப் பக்கம் ஊர் என்றே தெரியவில்லை. பட்டனுக்குப் பெயர் எழுத எவ்வளவு செலவாகிவிடும்? 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பாலக்கோடு அண்ணன்: சரி, தாழ்தள வண்டி எது என்று ஆப்பில் தெரிந்தால் எங்களுக்கும் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கையிடம் இருப்பது பட்டன் போன். பஸ் நம்பரை அனுப்பினால் எஸ்எம்எஸ்ஸில் பதில் வருகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். படி விஷயத்தை மட்டும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.